தமிழ் மின்னூலுக்குள் எழுத்துருவைப் பதித்துத் தரலாமா?

நூலடுக்கு:
நாட்டுடைமையான பழைய சிறுகதைத் தொகுப்பு ஒன்றை இபப் என்ற மின்னூல் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மெய்ப்புப் பார்த்தாயிற்று, இபப் திருத்தும் நிரலான சிஜிலில் அத்தியாயங்களையும் பிரித்தாயிற்று. மின்னூல் மேலாண்மை நிரலான காலிபரின் 'பாலிஷ் புக்ஸ்' பகுதியில், நூலில் குறிப்பிட்டிருக்கும் எழுத்துருக்களை உள்ளேயே பதித்துவிடும் வசதி இருக்கிறது. முக்த மலர் என்ற தமிழ் எழுத்துருவைப் பதித்துவிடலாமா? எங்கள் குழுவில் ஒருவர் வேண்டவே வேண்டாம் என்கிறார்.

தறியோசை:
தாராளமாகப் பதியுங்கள். பழைய வாசிப்புக் கருவியில் தமிழ் நூலைத் திறந்து கட்டம் கட்டமாகப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். நாம் லினக்ஸ்காரர்கள். எழுத்துருக் கோப்பை அதற்குரிய அடைவில் போட்டு எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டிவிட்டுப் போய்விடுவோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் அதைச் சொல்ல முடியுமா? கோப்பைத் தொட்டதும் நூல் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

உரிமச் சிக்கலும் இல்லை. முக்த மலர், நோட்டோ, கட்டமரன் எல்லாம் ஓஎஃப்எல் என்ற கட்டற்ற எழுத்துரு உரிமத்தில் வருபவை. எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாதே தவிர, நூலோடு சேர்த்துத் தர எந்தத் தடையும் இல்லை. தமிழ் எழுத்துரு கோப்பளவில் சின்னதும்கூட. பயன்படாத எழுத்துகளைக் கழித்துவிடும் வசதியும் காலிபரிலேயே இருக்கிறது.

கரைமேடு:
அந்த வேண்டாம் என்ற ஆள் நான்தான், அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கட்டம் தெரிவது ஒரு நோய், எழுத்து உடைவது இன்னொரு நோய். 'கொடி' என்று எழுதினால் யூனிகோடில் முதலில் க, அதன் பின்னால் ஒகரக் குறி. திரையில் கொம்பு க-வுக்கு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்பு நிரல். அது இல்லாத கருவியில் நீங்கள் எவ்வளவு நல்ல எழுத்துருவைப் பதித்தாலும் கொம்பு தப்பான இடத்தில்தான் நிற்கும். அந்த நிரல் இருக்கும் கருவிகளில் பெரும்பாலும் ஒரு தமிழ் எழுத்துருவும் கூடவே இருக்கும். அப்படியிருக்கப் பதிப்பதால் யாருக்கு லாபம்?

தறியோசை:
பெரும்பாலும் என்கிறீர்கள். மீதிப் பேரை என்ன செய்வது?

கரைமேடு:
அவர்களுக்கு கேஓரீடரைக் காட்டிக்கொடுப்பேன். மின்னூல் படிக்கும் கட்டற்ற மென்பொருள், உள்ளே ஹார்ஃப்பஸ் இருக்கிறது. கோபோ, பாக்கெட்புக் வாசிப்புக் கருவிகளிலும் ஆண்ட்ராய்டிலும் ஓடும். அதன் 'ஃபாண்ட்ஸ்' அடைவில் ஒருமுறை எழுத்துருவைப் போட்டால் எல்லா நூலுக்கும் ஆயிற்று. கிண்டிலில் அமேசானின் செயலியே போதும், 'ஃபாண்ட்ஸ்' அடைவு அதிலும் உண்டு.

என் அம்மாவுக்குக் கண்புரை அறுவை ஆன பிறகு மெல்லிய கோடுள்ள எழுத்து படிக்க முடிவதில்லை. தடித்த எழுத்துருவாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு பதிப்பாளரிடம் வாங்கிய நூல் மட்டும் உள்ளே பதித்திருந்த எழுத்திலேயே திறந்தது. வரி உயரத்தையும் இறுக்கிக் கட்டியிருந்தார்கள், எழுத்தைப் பெரிதாக்கினால் 'ணு'வின் கீழ்ச்சுழி அடுத்த வரியில் போய் இடித்தது. காசு கொடுத்து வாங்கிய நூலை சிஜிலில் திறந்து, தோற்றத்தைத் தீர்மானிக்கும் நடைதாளிலிருந்து (சிஎஸ்எஸ்) அந்த வரிகளை அழித்த பிறகுதான் அம்மா படித்தார். எல்லார் வீட்டிலும் அதைச் செய்ய ஆள் இருக்காது.

பனைச்சுவடி:
யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எழுத்துருவைப் பதிக்கிறதால இன்னொரு சிக்கலும் மறைஞ்சு போகுது. இங்க பாமினி எண்ட, யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருவில தட்டச்சுச் செய்த கோப்புகள் ஏராளம். பாமினியையும் சேர்த்துப் பதிச்சு விட்டால் பார்க்க அச்சுப் பிசகாத தமிழ். ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கோ, கிடைக்காது. உள்ள இருக்கிறது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். வாசிச்சுக் காட்டுற மென்பொருளும் அதைத்தான் உளறும். முதலில் யூனிகோடுக்கு மாத்துங்கோ, பிறகு எழுத்துருவைப் பற்றிக் கதைப்பம்.

நூலடுக்கு:
என்னுடையது முழுக்க யூனிகோடுதான், அதில் பிரச்சினை இல்லை.

தறியோசை:
கரைமேடு, உங்கள் அம்மா விஷயத்தில் குற்றவாளி அந்த நடைதாள். வரி உயரத்தைக் கட்டாமல் விட்டு எழுத்துருவை மட்டும் பதிக்கலாம். கேஓரீடரில் பதித்த எழுத்துருவை அணைக்கும் வசதி இருக்கிறது. வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும்.

பதிக்காமல் நடக்கவே நடக்காத நூலும் உண்டு. பழைய கணக்கு நூல்களில் முந்திரி, காணி, மா என்று பின்னக் குறிகள் வரும். அவை யூனிகோடில் சேர்ந்ததே 2019-இல், 12.0 பதிப்பில், 51 குறிகள் கொண்ட தனித் தொகுதியாக. சாதாரணத் தமிழ் எழுத்துருக்களில் அவற்றைத் தேடினாலும் கிடைக்காது. நோட்டோவில் அதற்கென்றே தனி எழுத்துரு இருக்கிறது. அதைப் பதிக்காமல் நூலை வெளியிட்டால் வாசகர் பார்க்கப்போவது வெறும் கட்டங்களை.

கரைமேடு:
அந்த நூலுக்குப் பதியுங்கள், நானே சோதித்துத் தருகிறேன். ஆனால் நடைதாளில் அந்தக் குறிகளுக்கு மட்டும் ஒரு தனி வகுப்பு (கிளாஸ்) வைத்து அந்த எழுத்துருவைக் கொடுங்கள். நூலின் உடல் பகுதிக்கான எழுத்துருவை வாசகரிடம் விட்டுவிடுங்கள். சிறுகதைத் தொகுப்புக்கு அந்தத் தேவை எங்கே வந்தது?

நூலடுக்கு, காலிபர் அந்த வசதியில் உங்கள் கணினியிலிருக்கும் எழுத்துருவைத்தான் எடுத்துப் பதிக்கும். வேர்டிலிருந்து வந்த கோப்பென்றால் நடைதாளில் 'லதா' என்ற எழுத்துருவின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். லதா மைக்ரோசாஃப்டின் உடைமை, ஓஎஃப்எல் கிடையாது. விண்டோசில் பொத்தானை அழுத்தினால் அதுவும் நூலுக்குள் போய்விடும்.

நூலடுக்கு:
இப்போதுதான் சிஜிலில் தேடினேன். நாலு இடத்தில் லதா இருக்கிறது, நீக்கிவிடுகிறேன். உடலுக்கு எதையும் பதிக்கவில்லை. அட்டைப்பக்கத் தலைப்புக்கு மட்டும் முக்த மலர் வைக்கிறேன்.

தறியோசை:
எனக்குச் சம்மதமில்லை. கட்டம் தெரிகிறது என்று முதல் வாசகர் எழுதினால் இந்த இழையிலேயே போடுங்கள். பதித்த பதிப்பு ஒன்றை நான் தயாராக வைத்திருக்கிறேன்.