உள்ளே கொண்டுவந்த குரோட்டன்ஸ் மொட்டையாகிறது, என்ன செய்ய?

கேள்வி:
கோடை முழுக்க வெளியே வெயிலில் நின்ற செடி. இரவுக் குளிர் 10 டிகிரியைத் தொட்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அவசரமாகத் தூக்கி வந்து கூடத்தில் வைத்தேன். மூன்று வாரம் ஆகிறது. தினமும் காலையில் தொட்டியைச் சுற்றி ஏழெட்டு இலை கிடக்கிறது. வாடி விழவில்லை, சிவப்பும் மஞ்சளுமாக நல்ல இலைதான், தொட்டாலே கழன்று வருகிறது. பாவம், தாகமோ என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் ஊற்றுகிறேன். உச்சியில் ஒரு கொத்துதான் மிச்சம். தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில் 1:
போடாதீர்கள். முதலில் அந்தப் பாவம் பார்ப்பதை நிறுத்துங்கள். குரோட்டன்ஸ் இடம் மாற்றினாலே கோபித்துக்கொள்ளும். ஜன்னலோர வெளிச்சம் நம் கண்ணுக்குத்தான் பளிச். வெயிலில் பழகிய செடிக்கு அது அரை இருட்டு. வைத்துக் காப்பாற்ற முடியாத இலையை உதிர்த்துவிடுகிறது. இலை குறைந்தால் வேர் உறிஞ்சும் தண்ணீரும் குறையும். நீங்களோ குறைக்கவே இல்லை. இலை போனால் மறுபடி வரும், வேர் அழுகினால் கதை முடிந்தது. மேல்மண் இரண்டு விரற்கடை ஆழம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பால் வடியும், சிலருக்குத் தோல் அரிக்கும், கை கழுவிவிடுங்கள்.

பதில் 2:
மிச்சமுள்ள இலைகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பொடிப்பொடியாக வெளிர் புள்ளி, காம்போரம் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். ஹீட்டர் ஓடும் வறண்ட அறை அதற்குக் கொண்டாட்டம். குழாயடியில் இலையைக் கவிழ்த்துப் பிடித்துக் கழுவுங்கள், வாரம் ஒரு தடவை. புகைபோலத் தண்ணீர் தெளிப்பதெல்லாம் சில நிமிடத்தில் காய்ந்துவிடும், நம் மனத்திருப்திக்குத்தான்.

கேள்வி கேட்டவர்:
சுரண்டினேன். இலை உதிர்ந்த ஒரு கிளையின் நுனியில் ஒரு சாண் பழுப்பு, அதற்குக் கீழே பச்சை! ஆனால் தொட்டியை அதன் வெளிப் பீங்கானிலிருந்து தூக்கினால் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, ஒரே நாற்றம். பீங்கானில் ஓட்டையே இல்லை. இத்தனை நாளும் ஊற்றியதெல்லாம் அங்கேதான் தேங்கியிருக்கிறது. அழகுக்கு என்று நான் போட்ட வேலை.

பதில் 1:
அதுதான் வினை. நாறும் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேரைப் பாருங்கள். கருத்துக் கொழகொழவென்று இருப்பதை வெட்டி, புது மண்ணில் நடுங்கள். பழுப்பு நுனியைப் பச்சை தெரியும் இடம்வரை வெட்டலாம். தெற்கு ஜன்னல் இருந்தால் அங்கே வையுங்கள், கண்ணாடியில் இலை ஒட்டாமல். இல்லையென்றால் எல்இடி விளக்கு, ஒரு நாளைக்குப் 12 மணி நேரம். புதுத் துளிர் வரும்வரை உரம் வேண்டாம். துளிர் பச்சையாகத்தான் வரும், பயப்படாதீர்கள். நிறம் வெளிச்சம் ஏற ஏறத்தான் கூடும். அடுத்த முறை 13 டிகிரிக்கு இறங்கும் முன்பே, இரண்டு வாரம் நிழலில் வைத்துப் பழக்கிவிட்டு உள்ளே கொண்டு வாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, கத்தரியைக் கழுவி வைத்துவிட்டேன். பீங்கானில் இனி குடைதான்.