பழைய எலெக்-ட்ராக்: மேட்டில் இழுக்கவில்லை, இறக்கத்தில் நிற்கவில்லை

பழையமோட்டார்:
எலெக்-ட்ராக் என்பது ஜெனரல் எலெக்ட்ரிக் 1969-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த, பேட்டரியில் ஓடும் 36 வோல்ட் தோட்ட டிராக்டர். ‘கியர்பாக்ஸ் போச்சு’ என்று ஓரங்கட்டிய பல வண்டிகளில் கியர்பாக்ஸ் நன்றாகத்தான் இருக்கும். முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். ஆறு 6 வோல்ட் பேட்டரி, மொத்தம் 18 செல். முழு சார்ஜ் ஏறி சில மணி நேரம் ஓய்ந்தபின் சுமார் 38.2 வோல்ட் இருக்க வேண்டும். மேடேறும்போது 31.5-க்குக் கீழே இறங்கினால் கோளாறு மின்பக்கம். மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். சுமையில் ஒவ்வொரு பேட்டரியாக அளந்தால், மற்ற ஐந்தும் தாங்கி நிற்க ஒன்று மட்டும் 5-க்குக் கீழே சரிவது தெரியும்.

கை வைப்பதற்கு முன் பவர் டிஸ்கனெக்டை (பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கும் இணைப்பு) பிரித்துவிடுங்கள், மோதிரத்தையும் கழற்றுங்கள். 36 வோல்ட் ஷாக் அடிக்காது என்பார்கள். ஆனால் பேட்டரி முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் உருகிவிடும்.

பெல்ட்டும்புல்லியும்:
மோட்டார் சத்தம் கேட்கிறது, சக்கரம் சுற்றவில்லை என்றால், புல்லிக்கும் ஷாஃப்ட்டுக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்தால் சாவி (புல்லியை ஷாஃப்ட்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு) அறுந்திருக்கிறது. கோடு நேராக இருந்து, பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போலப் பளபளத்தால் அது வழுக்குகிறது. டென்ஷன் வைத்தாலும் பிடிக்காது, மாற்றத்தான் வேண்டும். பின்சக்கர ஹப்பிலும் சாவி உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. வேகம் மட்டும் தாறுமாறாக ஏறி, இழுவை இல்லாமல், ஆம்மீட்டர் முள் எகிறினால் உடனே நிறுத்துங்கள். ஃபீல்டு வயர் (மோட்டாருக்குள் காந்தப்புலம் உண்டாக்கும் சுருளுக்குப் போகும் வயர்) விட்டுப்போயிருக்கலாம். இந்த மோட்டாரில் ஃபீல்டு பலவீனமானால் வேகம் கூடும், முறுக்குவிசை குறையும்.

பழையமோட்டார்:
கியர் விழவில்லை என்று லீவரை அடிக்காதீர்கள், நண்பர்களே. பெட்ரோல் வண்டியில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். இதில் நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும், பல்லும் பல்லும் முட்டி நிற்கும். வண்டியை முன்னும் பின்னும் சற்றே அசைத்தால் விழுந்துவிடும். பலம் காட்டினால் கியரைத் தள்ளும் ஃபோர்க் வளையும், பிறகு ஓடும்போதே கியர் கழன்று வரும். எண்ணெயை வடித்தால் கதை தெரியும்: பொன்னிற மினுமினுப்பு என்றால் புஷ் (ஷாஃப்ட் சுழலும் உலோக உறை), வாஷர் தேய்மானம், காந்தத்தில் ஒட்டும் சில்லு என்றால் பல் உடைந்திருக்கிறது, பால் நிறம் என்றால் தண்ணீர்.

மிதிகட்டை:
பிரேக்கையும் டிரான்ஸ்மிஷனையும் தனித்தனியாகப் பார்த்தால் கோளாறு பிடிபடாது. பெடலை மிதிக்கும்போது முதலில் ஸ்விட்ச் மின்சாரத்தை வெட்ட வேண்டும், அதன்பிறகே பிரேக் பிடிக்க வேண்டும். வரிசை மாறினால் மோட்டார் பிரேக்கோடு மல்லுக்கட்டும், பெல்ட் புகையும். ஸ்விட்ச் சீக்கிரமே திறந்தால் பள்ளம் மேட்டில் குலுங்கும்போதெல்லாம் வண்டி செத்துச் செத்துப் பிழைக்கும். பெடலின் லிங்கை (இணைப்புத் தண்டு) திருகிய ஒவ்வொரு முறையும் மீட்டரை கன்டினியூட்டியில் (மின்பாதை அறுபடாமல் இருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்து இதைச் சோதியுங்கள்.

பிரேக் உராய்கிறதா என்று பார்க்க: முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் இரண்டு சக்கரத்தையும் ஒரே திசையில் கையால் சுற்றுங்கள். கனமாக இருந்தால் கேபிளோ, பிரேக்கை அழுத்தும் கேமோ துருப்பிடித்துத் திரும்ப மறுக்கிறது. சரிசெய்தும் பிரேக் வழுக்கினால், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஷாஃப்ட் சீலைப் பாருங்கள். கியர் எண்ணெய் குடித்த பிரேக் பேடைக் கழுவிப் பயனில்லை, சீலையும் பேடையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பெல்ட்டும்புல்லியும்:
பிரேக் டிஃபரன்ஷியலுக்கு (இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி) முன்னால் இருக்கிற கியர்பாக்ஸ்களுக்கு ஒரு எச்சரிக்கை. பார்க்கிங் பிரேக் போட்டிருந்தாலும், ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் அது பின்னோக்கிச் சுற்றும், மற்றது உருளும். சரிவில் ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போடாதீர்கள். கட்டை முன்சக்கரங்களுக்கே வையுங்கள்.