மறு: ஸ்பான் ஆஃப் கண்ட்ரோல் – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

நீடாமங்கலத்திலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். நிறுவன அமைப்பு பற்றிய இயலில் அதிகாரப் பகிர்வு, துறைப் பிரிவு எல்லாம் வந்துவிட்டன. ‘ஸ்பான் ஆஃப் கண்ட்ரோல்’ மட்டும் மூன்று நாளாக இழுக்கிறது. ஒரு மேலாளரின் நேரடிப் பொறுப்பில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதே பொருள். வழக்கிலுள்ள ‘கட்டுப்பாட்டு வீச்சு’ என்பதை இயக்குநர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். “ஊர்க்கட்டுப்பாடா? யாரைத் தள்ளிவைக்கிறீர்கள்?” என்றார்.

கும்பகோணத்திலிருந்து:
ஸ்பான் என்பது முதலில் விரித்த கையின் அளவு, நம் சாண். பிறகுதான் அது பாலத்துக்குப் போனது. பாலத்தில் நாம் அதைக் கண் என்கிறோம். மதகுக்கும் கண் உண்டு. மேற்பார்வையோ கண்காணிப்பு. ஆகவே ‘கண்ணளவு’. வேலையைப் பிரித்துக் கொடுப்பதைச் சொல்லும் 517ஆம் குறளும் ‘அவன்கண் விடல்’ என்றுதானே முடிகிறது?

தஞ்சாவூரிலிருந்து:
ஐயா, அங்கே கண் ஏழாம் வேற்றுமை உருபு. விழியும் இல்லை, மதகும் இல்லை. தவிர, கண்ணளவு என்றால் அளக்காமல் குத்துமதிப்பாகப் பார்ப்பது. ஆள் எண்ணிக்கையைக் குத்துமதிப்பாக வையுங்கள் என்று கையேடே சொன்னதாகிவிடும். கண்காணிப்பு என்றதும் எனக்குத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணிதான் நினைவுக்கு வருகிறார்.

கும்பகோணத்திலிருந்து:
உருபென்று தெரியாமலா எழுதினேன், அம்மா? கண் என்றால் இடம். மதகின் கண்ணும் நீர் போகும் இடம்தான். கல்லணையில் வெண்ணாற்றுத் தலைப்பில் எத்தனை கண் என்று எண்ணியவர் இங்கே யாரேனும் உண்டா?

திருத்துறைப்பூண்டியிலிருந்து:
எண்ணுவது இருக்கட்டும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று சொல்லுங்கள். சொல் விஷயத்தில் ஒன்று: சோழர் கல்வெட்டுகளில் நிலவரித் துறைக்குப் ‘புரவுவரித் திணைக்களம்’ என்ற பெயர் இருக்கிறது. இலங்கையில் இன்றும் திணைக்களம்தான். நாம் ‘துறை’ என்று படித்துறையில் உட்கார்ந்துவிட்டோம்.

மன்னார்குடியிலிருந்து:
கேட்டது துறைக்குச் சொல் இல்லையே. வணிகவியல் வகுப்பில் நான் இதை நடத்துகிறேன். 1933இல் கிரைக்குனாஸ் என்ற மேலாண்மை ஆலோசகர் ஒரு கணக்குப் போட்டார். ஒருவருக்குக் கீழே ஐந்து பேர் என்றால், தனித்தனியாகவும் கூட்டாகவும் உண்டாகக்கூடிய உறவுகள் 100. ஆறாவது ஆள் சேர்ந்தால் 222. ஆள் ஒன்றுதான் கூடுகிறது, தலைவலி இரட்டிப்புக்கும் மேல். ஆனால் அந்த உறவுகள் எத்தனை முறை குறுக்கே வரும் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நடவுக்கு இருபது பேர் இறங்கினாலும் வரப்பில் ஒருவர் போதும். எல்லாருக்கும் ஒரே வேலை, யாராவது இடைவெளி விட்டால் உடனே கண்ணில் பட்டுவிடும். அதே ஆளிடம் விதைக்கிடங்கு, கணக்கு, இயந்திர வாடகை, நெல் விற்பனை என்று நான்கு பேரை ஒப்படைத்தால் திணறிப்போவார். ஆகவே இது மாறும் அளவு. ‘வீச்சு’ அதற்குப் பொருந்தும். கட்டுப்பாட்டை மட்டும் எடுத்துவிட்டு ‘மேற்பார்வை வீச்சு’ என்று வைக்கலாம்.

கும்பகோணத்திலிருந்து:
‘கண்ணில் பட்டுவிடும்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்!

தஞ்சாவூரிலிருந்து:
மேற்பார்வை வீச்சுக்கு என் வாக்கு. அழகில்லைதான். ஆனால் படித்ததும் புரியும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:
எனக்கும் சரி. திணைக்களம் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

நீடாமங்கலத்திலிருந்து:
நன்றி. ‘மேற்பார்வை வீச்சு’ என்றே போட்டுவிட்டேன். அதே இயக்குநரிடம் மறுபடி படித்துக் காட்டினேன். “ஒருத்தர் எத்தனை பேரைக் கட்டி மேய்ப்பது, அதுதானே? அப்படியே எழுதிவிடுங்கள்” என்றார். அதை அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஒப்புக்கொள்ளவில்லை. மறுபதிப்பு வரும்போது சொல்லியனுப்புங்கள். வெண்ணாற்றுக் கண்களை இதுவரை யாரும் எண்ணிச் சொல்லவில்லை.