பிரெஞ்சு ஆல்ப்ஸில் பனிச்சறுக்கு வீடு: மோர்சினா, வால் தொரான்ஸா?

தேம்ஸ்கரை (லண்டன்) கேட்டது:

வணக்கம். நாங்கள் பிரித்தானியக் குடியுரிமை பெற்று லண்டனில் வசிப்பவர்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். பெப்ரவரி அரைத்தவணை விடுமுறையில் ஒரு வாரத்துக்கு ஆல்ப்ஸில் கேட்கப்படும் வாடகையைப் பார்த்துப் பார்த்து, சொந்தமாகவே சிறியதொரு வீட்டை வாங்கிவிடலாமா என்று நானும் கணவரும் யோசிக்கிறோம். இரண்டு வீடுகளைக் குறித்து வைத்திருக்கிறோம். ஒன்று, ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்திலுள்ள மோர்சினில், பழைய கட்டடம் ஒன்றின் கூரைத்தளத்தில் உள்ளது. தரைப்பரப்பு 45 சதுர மீட்டர் என்றும் சட்டப்படியான பரப்பு 33 என்றும் விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள், மின்சாரச் சூடாக்கி, ஆற்றல் தரம் 'எஃப்' (ஏ முதல் ஜி வரையிலான அளவில் கடைசிக்கு முந்தியது). மற்றது 2300 மீட்டரிலுள்ள வால் தொரான்ஸில், சுற்றுலா விடுதிக் கட்டடமொன்றில் இருக்கும் ஸ்டூடியோ. விலை குறைவு, ஆனால் வீட்டைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு நடத்தும் ஒரு நிர்வாக நிறுவனத்தின் வணிகக் குத்தகையோடு சேர்த்தே விற்கப்படுகிறது, உரிமையாளருக்கு ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே. நாங்கள் போகாத வாரங்களில் வாடகைக்கு விட்டுச் செலவைச் சமாளிக்க விரும்புகிறோம். எதை விட வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இசேர்க்கரை (கிரெனோபிள்) பதில்:

வணக்கம் சகோதரி. அந்த 45-க்கும் 33-க்கும் நடுவே ஏமாற்று எதுவும் இல்லை. தொடர்மாடி வீட்டை விற்கும்போது 'காரே' சட்டத்தின்படி பரப்பைக் குறிப்பிட வேண்டும். கூரை சரிந்து உயரம் 1.80 மீட்டருக்குக் கீழே இறங்கும் இடங்கள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. பிள்ளைகளின் கட்டில்களைப் பெரும்பாலும் அந்தச் சரிவின் கீழேதான் போட்டிருப்பார்கள். எழும்பும்போது தலை இடிபடும், ஆனாலும் படுக்க இடம்தான். விலையை 33-ஆல் வகுத்து அதே ஊரின் மற்ற வீடுகளோடு ஒப்பிடுங்கள். எழுதிய பரப்பைவிட உண்மைப் பரப்பு 5 வீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், கிரயம் முடிந்து ஓராண்டுக்குள் விலைக்குறைப்புக் கேட்டு வழக்கிடலாம்.

எஃப் தரத்தைக் கண்டு உடனே பின்வாங்க வேண்டாம். முதலில் அந்தச் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். 40 சதுர மீட்டருக்கு உட்பட்ட வீடுகளுக்கான அளவுகோல் 2024 ஜூலையில் தளர்த்தப்பட்டது. மின்சாரத்தால் சூடாக்கப்படும் வீடுகளுக்கான கணக்கும் 2026 ஜனவரியிலிருந்து சாதகமாக மாறியது. பழைய சான்றிதழாயிருந்தால், அரசின் ஆற்றல் முகமையான அதெமின் இணையதளத்தில் புதிய தரத்தைக் கட்டணமின்றி எடுத்துத் தரும்படி விற்பவரிடம் கேளுங்கள். 'ஈ' ஆக உயர்ந்திருக்கவும் கூடும். இது வெறும் காகித விஷயமல்ல. 2024 நவம்பரில் வந்த லெ மெர் சட்டப்படி, குடியிருப்பைச் சுற்றுலா வாடகை வீடாக மாற்ற அனுமதி (பயன்பாட்டு மாற்ற அனுமதி) கேட்கும் ஊர்களில் புதிதாகச் சுற்றுலா வாடகைக்கு விட 'ஈ' தரமாவது வேண்டும். 2034-இலிருந்து சுற்றுலா வாடகைக்கு விடப்படும் இரண்டாம் வீடுகள் அனைத்துக்கும் 'டி' தரம் வேண்டும். மோர்சின் நகராட்சி எத்தகைய அனுமதி கேட்கிறது என்பதை முகவரிடம் விசாரிக்காமல் நகராட்சிக்கே எழுதிக் கேளுங்கள்.

கடைசி மூன்று ஆண்டுகளின் உரிமையாளர் பொதுக்கூட்டக் குறிப்புகளை விற்பவர் தந்தே ஆக வேண்டும். அலுப்பாக இருந்தாலும் வரிக்கு வரி வாசியுங்கள். 1970-களில் கட்டப்பட்ட மலைக் கட்டடங்களில் கூரையும் வெளிச்சுவரும் ஒரே காலத்தில்தான் பழுதாகின்றன. 'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று ஆண்டுதோறும் எழுதியிருந்தால், அந்தச் செலவு உங்களுக்காகத்தான் காத்திருக்கிறது.

லேமன்வாசி (ஜெனீவா) பதில்:

சுவிட்சர்லாந்தையும் பார்க்கலாமே என்று யாராவது சொல்லக்கூடும் என்பதால் முந்திக்கொள்கிறேன். வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே விடுமுறை வீடு வாங்க லெக்ஸ் கோலர் சட்டப்படி அனுமதி வேண்டும். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 1500 அனுமதிகளே, அவையும் சில மாநிலங்களின் குறிப்பிட்ட ஊர்களில் மட்டும். போதாததற்கு, 2012 மார்ச் மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகு, இரண்டாம் வீடுகள் 20 வீதத்தைத் தாண்டிய ஊர்களில் புதிதாகக் கட்டுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. உங்கள் தொகைக்குப் பிரான்சுதான் சரி.

உயரத்தைப் பற்றி ஒரு சொல். ஐரோப்பாவின் 2234 பனிச்சறுக்கு இடங்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, புவி வெப்பம் 2 பாகை கூடினால், செயற்கைப் பனி இல்லாத நிலையில் அவற்றில் 53 வீதத்துக்குப் பனிப் பற்றாக்குறை ஆபத்து மிக அதிகம் என்கிறது. ஐரோப்பாவிலேயே மிக உயரமான பனிச்சறுக்கு ஊரான வால் தொரான்ஸ் நவம்பர் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை ஓடுகிறது. மோர்சினில் ஊருக்குள்ளேயே மழை பெய்யும் ஜனவரிகள் உண்டு.

இசேர்க்கரை:

லேமன்வாசி ஐயா சொல்வது சரியே. ஆனால் மோர்சினில் குடியிருப்பவர்கள் பனி குறைந்தால் 1800 மீட்டரிலுள்ள அவோரியாஸுக்குக் கம்பிவட வண்டியில் ஏறிப் போய்விடுகிறார்கள். கோடையில் மலைச்சைக்கிள்காரர்களால் அந்த ஊர் நிரம்புகிறது. வால் தொரான்ஸின் கோடைக்காலமோ மிகக் குறுகியது. வாடகையை நம்பி வாங்குபவர் இதையும் எடைபோட வேண்டும்.

வரிப்பேரேடு பதில்:

பணக்கணக்கை மட்டும் சொல்கிறேன். பழைய வீட்டுக்கு நொத்தாரிசு கட்டணமும் பதிவு வரியும் சேர்ந்து விலையில் 7 முதல் 8 வீதம் வரும். பிரதான வதிவிடங்களுக்கு 2023-இல் முற்றாக ஒழிக்கப்பட்ட குடியிருப்பு வரி இரண்டாம் வீடுகளுக்குத் தொடர்கிறது. பல ஆல்ப்ஸ் ஊர்கள் அதன்மேல் 60 வீதம் வரை மேல்வரி போடச் சட்டம் இடம் தருகிறது. நிலவரி தனி.

வாடகை வருமானத்தில், நட்சத்திரத் தரம் பெறாத சுற்றுலா வீட்டுக்கு 2025 முதல் வரி கணக்கிடுமுன் 30 வீதக் கழிவுதான், அதுவும் ஆண்டு வருமானம் 15,000 யூரோ வரைக்குமே. நட்சத்திரத் தரம் வாங்கினால் கழிவு 50 வீதமாகும், வருமான வரம்பும் பல மடங்கு உயரும். ஆகவே அந்தத் தரத்துக்கான சோதனைக்குச் செலவழிப்பது வீண்போகாது. அதே வருமானத்தைப் பிரித்தானியாவிலும் காட்ட வேண்டும். பிரான்சில் கட்டிய வரிக்கு அங்கே கழிவு கிடைக்கும்.

இங்கிலாந்தில் ஒப்பந்தங்கள் பரிமாறப்படும்வரை இரு தரப்பும் விலகலாம். பிரான்சில் முன்னொப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் வாங்குபவருக்கு 10 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு காரணமின்றி விலகினால் முற்பணம் போய்விடும். கடன் எடுப்பதாயிருந்தால், கடன் மறுக்கப்பட்டால் ஒப்பந்தம் ரத்து என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீடு சொந்தமாயிருந்தாலும், பிரெக்சிட்டுக்குப் பின் விசா இல்லாமல் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் பிரான்சு உள்ளிட்ட ஷெங்கன் பகுதியில் தங்கலாம். பள்ளி விடுமுறைகளுக்கு அது தாராளம். ஓய்வுபெற்றபின் போய் இருக்கலாம் என்ற கனவுக்குப் போதாது.

தேம்ஸ்கரை:

அனைவருக்கும் மிக்க நன்றி. குத்தகையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? விற்பனைப் பிரசுரத்தில் 'நிலையான வருமானம், தொல்லையில்லை, நால்வர் படுக்கலாம்' என்றிருக்கிறது.

இசேர்க்கரை:

நால்வரில் இருவர், வாசற்கதவுக்கும் குளியலறைக்கும் நடுவே சன்னலில்லாத மூலையில் இருக்கும் இரண்டடுக்குக் கட்டிலில் படுப்பார்கள். பழைய பனிச்சறுக்கு ஊர் ஸ்டூடியோக்கள் பலவும் அப்படித்தான்.

குத்தகைதான் இதில் பெரிய விஷயம். வணிகக் குத்தகை என்பதால், காலம் முடிந்தபின் வீட்டைத் திருப்பிக் கேட்டால் அந்த நிறுவனத்துக்கு நீங்கள் வெளியேற்ற இழப்பீடு தர வேண்டியிருக்கும். அதைத் தெரிந்துகொண்டே சிலர் புதுப்பிக்கும்போது வாடகையைக் குறைத்துப் பேசுகிறார்கள். கட்டடம் புதிதாக விற்கப்பட்டபோது 20 வீத மதிப்புக்கூட்டு வரி அரசிடமிருந்து திருப்பி வாங்கப்பட்டிருந்தால், 20 ஆண்டுக்குள் சுற்றுலா வாடகைப் பயன்பாட்டிலிருந்து வீட்டை எடுப்பவர் அந்த வரியில் மீதிக் காலத்துக்குரிய பங்கைக் கட்ட வேண்டும். 2020-இல் கொரோனாவால் பனிச்சறுக்கு நிலையங்கள் மூடப்பட்டபோது என் உறவினர் ஒருவருக்கு நிர்வாக நிறுவனம் பல மாதம் வாடகையை நிறுத்திவைத்தது. கடன் தவணையை வங்கி நிறுத்திவைக்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டிய பெப்ரவரி வாரம் அந்த நிறுவனத்துக்கும் மிகுந்த வருமானம் தரும் வாரம் என்பதால், உரிமையாளருக்கான வாரங்களில் அது அடங்கியிருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள்.

தேம்ஸ்கரை:

தேடிவிட்டேன். உரிமையாளர் வாரங்கள் டிசம்பர் முதற்பாதியிலும் ஏப்ரல் கடைசியிலும் மட்டுமே. வால் தொரான்ஸை விட்டுவிட்டு, மோர்சின் கட்டடத்தின் கூட்டக் குறிப்புகளையும் புதிய ஆற்றல் சான்றிதழையும் கேட்டு முகவருக்கு இன்று எழுதுகிறேன்.