ரொறன்ரோவில கார் இல்லாமல் நடந்து திரியக்கூடிய இடம் எது? கெதியாச் சொல்லுங்கோ

கொக்குவில்காரி:
எல்லாருக்கும் வணக்கம். இவர் அங்க போய் ஆறு மாதம். நானும் மகனும் வாற மாதம் 12ஆம் திகதி பிளேன் ஏறுறம். நேற்று இரவு இவர் போன் எடுத்து, இருக்கிற பேஸ்மென்ற்ற விட்டு மாத முடிவுக்குள்ள எழும்பச் சொல்லிப் போட்டினம் எண்டு சொல்லுறார். எனக்கு நித்திரையே இல்லை. கார் இல்லை, எனக்கு ஸ்கூட்டி மட்டும்தான் ஓடத் தெரியும். இஞ்ச எண்டா ஒழுங்கையால வெளிக்கிட்டு ஆடியபாதம் வீதியைப் பிடிச்சா திருநெல்வேலிச் சந்தை. மகன்ர பள்ளிக்கூடமும் அதே வழி. அங்கயும் கடை, பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் நடை தூரத்தில இருக்கிற இடம் எது? இடத்தின்ர பேரைச் சொன்னாக் காணும், இவர் போய்ப் பார்ப்பார்.

91 பனங்கொட்டை:
பிள்ளை, நாங்கள் வந்திறங்கேக்க நடக்கக்கூடிய இடம் எண்டு ஒருத்தரும் தேடேல்ல. நடக்காட்டி வழியில்லை, அவ்வளவுதான். 1991 தை மாதம் வந்தனான். செயின்ற் ஜேம்ஸ் ரவுனில ஒரு அறை வீடு, ஏழு பேர். மூண்டு பேர் எழும்பினாத்தான் மற்ற மூண்டு பேர் படுக்கலாம், ஏழாம் ஆள் சோபாவில. ரெஸ்ரோறன்ற்றில கோப்பை கழுவி முடிய இரவு ரெண்டரை. பஸ்ஸுக்குக் குடுக்கிற காசை மிச்சம் பிடிச்சு ஊருக்கு அனுப்ப வேணும் எண்டு நடைதான். கையுறை வாங்கக் காசில்லாமல் ரெண்டு சோடி சொக்ஸைக் கையில கொழுவிக்கொண்டு நடந்தனான். இப்ப வாற ஆக்களுக்கு எல்லாம் வாசல்ல வேணும்.

ஏஜாக்ஸ் பொடியன்:
அண்ணையின்ர சொக்ஸ் கதை வராட்டி எனக்கு வின்ரர் வந்த மாதிரியே இருக்காது.
அக்கா, நடக்கிற கதையை விடுங்கோ. இந்த நாடு காருக்குக் கட்டின நாடு. பழைய கொறோலாக் கார் ஒண்டை எடுத்துக்கொண்டு ரொறன்ரோவுக்குக் கிழக்கால இருக்கிற ஏஜாக்ஸ் பக்கம் வாங்கோ. அமைதியான இடம், பிள்ளை விளையாடப் பின்வளவு இருக்கும். மைனஸ் இருபதில பிள்ளையையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிண்டு பார்த்தாத்தான் நான் சொன்னது விளங்கும்.

லோரன்ஸ் 54:
கார் எடுக்கச் சொல்லுறவர் இன்சூரன்ஸையும் கட்டுவாரோ? புதுசா வந்த ஆளுக்கு அங்க கேக்கிற காசைப் பார்த்தா காரை வித்துத்தான் இன்சூரன்ஸ் கட்ட வேணும். இலங்கை லைசன்ஸை ஒன்ராறியோ மாகாணத்தில அப்பிடியே மாத்தியும் தராயினம். எழுத்துச் சோதனை, ஓட்டச் சோதனை எண்டு இழுபடும்.
ஸ்காபரோவில மார்க்கம் வீதியும் லோரன்ஸ் வீதியும் சந்திக்கிற பக்கம் பாருங்கோ. தமிழ்க் கடை, டொக்டர், நகைக்கடை, எல்லாம் இருக்கு. இங்கிலிஷ் இல்லாமலே சீவிக்கலாம்.

மோர்னிங்சைட்:
அங்க நடக்கிறதோ! எல்லாம் இருக்குத்தான், ஆனா ஒவ்வொண்டும் ஒவ்வொரு பார்க்கிங் லொட்டுக்குப் பின்னால. நடைபாதையில இருந்து கடை வாசலுக்குப் போறதே ஒரு பயணம். எக்ளிங்ரன் வீதியில இருந்து லோரன்ஸ் வீதி ரெண்டு கிலோமீற்றர், லோரன்ஸில இருந்து எல்ஸ்மியர் வீதி இன்னொரு ரெண்டு. மப்பில விரல் அளவு, காலுக்கு அரை மணித்தியாலம். நடுவில சின்ன ரோட்டால குறுக்க போவம் எண்டா அது சுத்திச் சுத்திப் போய் ஆற்றையோ கராச்சில முடியும்.

லோரன்ஸ் 54:
ஆர்ரீ எண்ட ஸ்காபரோ ரயில் இருந்த காலத்தில இந்தப் பிரச்சினை கொஞ்சம் குறைவு. 2023 ஜூலையில பெட்டி தடம் புரண்டதோட நிப்பாட்டினது நிப்பாட்டினதுதான். சப்வே நீட்டுறம் எண்டு கிண்டிப் போட்டுக் கிடக்கு. அது ஓடத் தொடங்க முதல் என்ர மகள் கம்பஸ் முடிச்சும் போவாள்.

மோர்னிங்சைட்:
வாடகைக்கு விடுற எங்கட ஆக்களையும் சொல்ல வேணும். "பஸ்ஸுக்கு ரெண்டு நிமிசம்" எண்டு போட்டிருந்ததை நம்பிப் போன வீடு ஒண்டு. அது வீட்டுக்காரர் காரில போற ரெண்டு நிமிசம். ஹீற்றைக் கூட்டச் சொன்னா ஸ்வெற்றர் போடு எண்டார்.

ஏஜாக்ஸ் பொடியன்:
அதுக்குத்தான் கார் எடுக்கச் சொன்னனான்.

திருநெல்வேலி றிற்றேன்:
22 வருசம் அங்க இருந்து போட்டு ஊருக்கு வந்து சேர்ந்த ஆள் நான். இஞ்ச மட்டும் ஆர் நடக்கினம்? முடக்குக் கடையில பாண் வாங்கவும் மோட்டச்சைக்கிள். நான் நடந்து போனா, "என்னண்ணை, சைக்கிள் காத்துப் போட்டுதோ" எண்டு மறிச்சுக் கேக்கினம். தங்கச்சி, உண்மையைச் சொல்லும், சந்தைக்கு நீர் கடைசியா எப்ப நடந்து போனனீர்?

கொக்குவில்காரி:
அண்ணை, ஸ்கூட்டியிலதான் போறனான். ஆனா நடக்கலாம்தானே.

வோடன் அக்கா:
சரி சரி, அந்தப் பிள்ளை நித்திரை இல்லாமல் இருக்கு. தங்கச்சி, நீர் முக்கியமானதுகளைச் சொல்லேல்ல. அவருக்கு வேலை எங்க, எத்தினை மணிக்கு? மகனுக்கு எத்தினை வயது? வாடகை எவ்வளவு மட்டும் தாங்கும்? இப்ப இருக்கிற இடம் ஆற்றை வீடு, குசினி தனியவோ?

கொக்குவில்காரி:
மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, பதட்டத்தில விட்டுப் போட்டன். வேலை கென்னடி வீதியும் பிஞ்ச் வீதியும் சந்திக்கிற பக்கம் ஒரு பேக்கரி பக்ரறியில. இரவு 11 தொடக்கம் காலமை 7. ஞாயிறு விடியவும் வேலை முடிச்சுத்தான் வருவார். மகனுக்கு 5. 1,900 டொலர் மட்டும் பார்க்கலாம். வீடு இவற்றை ஒண்டுவிட்ட அண்ணையின்ர சொந்த வீடு. குசினி அவையளோட சேர்ந்ததுதான்.

வோடன் அக்கா:
இப்பதான் கதை வெளிக்குது. முதல் வீட்டுக் கதை. தனி பேஸ்மென்ற் எண்டா ஒன்ராறியோச் சட்டம் வாடகைக்கு இருக்கிற ஆளுக்குப் பாதுகாப்பு. தான் இருக்கப் போறன் எண்டாலும் வீட்டுக்காரர் 60 நாள் முன்னுக்கு எழுத்தில தர வேணும். ஆனா வீட்டுக்காரரும் அங்கயே இருந்து, அவையளோட குசினியோ குளியலறையோ பங்கெண்டா அந்தச் சட்டம் செல்லாது. அதால அண்ணையோட சண்டைக்குப் போக வேண்டாம், ரெண்டு கிழமை கூடக் கேட்டுப் பார்க்கச் சொல்லும்.

இனி இடம். சப்வேக்குக் கிட்ட எண்டு கனபேர் சொல்லுவினம், நானே சப்வேக்குக் கிட்ட இருக்கிற ஆள்தான். டான்போர்த் வீதிப் பக்கம் நடக்க நல்ல வசதி, கடையெல்லாம் நடைபாதையோட ஒட்டி. ஆனா உங்கட காசுக்கு அங்க கஷ்டம். ஞாயிற்றுக்கிழமையில சப்வே காலமை 8 மணி போலத்தான் தொடங்கும், உம்மட மனிசனுக்கு 7 மணிக்கு வேலை முடியுது. அவருக்குத் தேவை கென்னடி வீதியால ஓடுற 43 பஸ். அது கென்னடி ஸ்ரேசனில இருந்து பிஞ்சைத் தாண்டி ஸ்ரீல்ஸ் வீதி மட்டும் போகும். அதால கென்னடி வீதியோரம், எக்ளிங்ரன் வீதிக்கும் ஷெப்பேர்ட் வீதிக்கும் நடுவில பழைய அப்பாட்மென்ற்றுகளைப் பார்க்கச் சொல்லும். பழசு எண்டு முகஞ்சுழிக்க வேண்டாம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதல் முதலாக் குடியேறின கட்டடங்களுக்கு வாடகை ஏத்த உச்சவரம்பு இல்லை, பழசுக்கு இருக்கு.

கார்ட் தட்டி ஏறினா ரெண்டு மணித்தியாலத்துக்கு அதே காசில இறங்கி ஏறலாம். சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி வர அது காணும்.

மப்பை நம்பாமல் அவரை இரவு ஒன்பது மணிக்கு நடந்து பார்க்கச் சொல்லும். வெறுங்கையோட இல்லை, பத்துக் கிலோ அரிசிப் பையோட. கடை ரோட்டின்ர எந்தப் பக்கம், சிக்னல் எங்க, நடைபாதை இடையில அறுந்து போகுதோ எண்டு பார்க்க வேணும். பள்ளிக்கூடம் வீட்டு விலாசத்தைப் பார்த்துத்தான் தருவினம், கிட்ட இருக்கிறதெல்லாம் உங்கடை இல்லை. பள்ளிக்கூடச் சபையின்ர தளத்தில விலாசத்தை அடிச்சாக் காட்டும்.

காசு: முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் கேக்கலாம், அதுக்கு மேல டமேஜ் டிப்பொசிற் எண்டு கேக்கேலாது. வீட்டை உள்ளுக்குப் பார்க்க முதல் ஒரு சதமும் அனுப்பிப் போடாதேங்கோ.

91 பனங்கொட்டை:
பேர்ச்மவுன்ற் வீதியில கந்தசாமி கோயில் இருக்கு பிள்ளை, அந்தப் பக்கம் எடுத்தா கோயிலும் கிட்ட. நல்லூருக்குக் கிட்ட இருந்த ஆக்களுக்கு அதுவும் வேணும்தானே.

கொக்குவில்காரி:
அக்கா, நாலு நாளா ரெண்டு இடம் பார்த்தாச்சு. இவர் வீடியோக் கோலைப் போட்டுக்கொண்டு நடந்தவர். அங்க இரவு 9.10, இஞ்ச விடிய 6.40. நான் இடியப்பம் அவிச்சுக்கொண்டு பார்த்தனான். முதலாவது இடம், "கடைக்கு ஐஞ்சு நிமிசம்" எண்டு போட்டிருந்தது. வெளிக்கிட்டு ரெண்டு நிமிசத்திலயே கடையின்ர சிவப்பு லைற் தெரியுது. ஆனா நடுவில ஆறு லேன், சிக்னல் கண்ணுக்கெட்டாத தூரம். இவர் அரிசிப் பையைத் தோளில போட்டுக்கொண்டு சிக்னல் மட்டும் போய், கடந்து, திரும்பி வந்து சேர ரெண்டு தட்டு அவிஞ்சிட்டுது. 17 நிமிசம். வீடியோவில மூச்சு வாங்கிறதுதான் கேட்டது.
ரெண்டாவது இடத்தில கடை இந்தப் பக்கமே, 43 நிக்கிற இடம் வாசல்ல, பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்ன ரோட்டு மட்டும் கடக்க வேணும். விலாசத்தை அடிச்சுப் பார்த்தன், எங்கடைதான். 1,850 கேக்கினம். இன்னும் கையெழுத்து வைக்கேல்ல.

வோடன் அக்கா:
எத்தினையாம் மாடி? லிப்ற் எத்தினை?

கொக்குவில்காரி:
பதினாலு. லிப்ற் ரெண்டு, ஒண்டு ஓடேல்லயாம்.

91 பனங்கொட்டை:
பதினாலோ? நாங்கள் 91இல...

ஏஜாக்ஸ் பொடியன்:
அண்ணை, வேண்டாம்.

வோடன் அக்கா:
மற்ற லிப்ற் எப்ப திருத்துவினம் எண்டதை லீஸில, அதுதான் வாடகை ஒப்பந்தத்தில, எழுதித் தரச் சொல்லிக் கேக்கட்டும். எழுதித் தராட்டி, ஒரு நாள் காலமை எட்டு மணிக்கு, பள்ளிக்கூடப் பிள்ளையள் இறங்கிற நேரமாப் பார்த்து, அந்த ஒரு லிப்ற்றுக்கு எவ்வளவு நேரம் நிக்க வேணும் எண்டு மணிக்கூட்டைப் பார்த்து வரச் சொல்லும்.