‘பெரிய வீடு’ குழுவில் பின் பிரேக் பஞ்சாயத்து

நான், காலை 9.12
பெரியப்பா, ஆக்டேவியா காருக்குப் பின்பக்கக் காலிபர் (பேடை டிஸ்கோட அமுக்குற பாகம்) ரெண்டும், பேடும் புதுசு மாட்டியாச்சு. சக்கரம் இப்ப லேசா சுத்துது. ஆனா பெடல் மெத்துன்னு தரை வரைக்கும் போகுது.

பெரியப்பா, 9.20
ஓடாத வண்டிக்கு இம்புட்டுச் செலவா? மாசக்கணக்கா கார் செட்டுக்குள்ளதானே நின்னுச்சு.

நான், 9.21
நின்னதுதான் வினை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுட்டுப் போயிட்டீங்க. காலிபர்ல கேபிள் இழுக்குற லீவர் துருவேறி இறுகிருச்சு. கோட்டையூர் தாண்டல, வலது சக்கரத்துல தீஞ்ச வாடை.

பெரியப்பா, 9.24
பிரேக் போடாம வேற எதைப் போடுறதாம்?

கோவை அண்ணன், 9.26
ஃபர்ஸ்ட் கியர் போட்டு சக்கரத்துக்குக் கல் வைங்க பெரியப்பா. நம்ம செட்டு சமதரைதானே. தம்பி, மெக்கானிக்குங்க பிரேக் குழாய்ல இருந்து ஏர் எடுத்தாங்களா?

நான், 9.27
எடுத்தாங்கண்ணே. டாட் 4 பிரேக் ஆயில் டப்பா காலி. குமிழி வர்றதும் நின்னுருச்சு. பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும்ங்கிறாங்க.

சித்தப்பா, 9.30
அப்பவே சொன்னேன், வித்துத் தொலைங்கன்னு.

கோவை அண்ணன், 9.31
மாஸ்டர் சிலிண்டருக்குக் காசு குடுத்துறாதே. காலிபர் மாத்துறதுக்கு முன்னாடி பெடல் நல்லாத்தானே இருந்துச்சு? பின் சக்கரத்தைக் கழட்டி ரெண்டு பக்கமும் படம் அனுப்பு.

நான், 10.05
[படம்] [படம்]

கோவை அண்ணன், 10.07
நினைச்சேன். ஏர் எடுக்குற நிப்பிள் கீழ பாத்துட்டு இருக்கு. இடதை வலதுலயும் வலதை இடதுலயும் மாட்டிருக்காங்க. கேபிள் முறுக்கிக்கிட்டு நிக்குது பாரு.

சித்தப்பா, 10.09
ரெண்டும் ஒண்ணுதானேப்பா?

கோவை அண்ணன், 10.15
போல்ட் ஓட்டை ஒத்துப்போகுது சித்தப்பா, அதான் வம்பு. காத்து மேலதான் ஏறும். நிப்பிள் கீழ இருந்தா ஆயில் மட்டும் வெளிய வரும், காத்து உள்ளயே மேல்பக்கம் தங்கிரும். எத்தனை டப்பா ஊத்துனாலும் இதே கதைதான்.
தம்பி, பக்கம் மாத்தி மாட்டச் சொல்லு. ஆயில் ஓஸ் போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் செம்பு வாஷர் புதுசு போடணும், நசுங்குன பழசு கசியும். பிஸ்டனை உள்ள தள்ள சி கிளாம்ப் வச்சு நெரிக்க விடாதே. இது ஹேண்ட்பிரேக் சேந்த காலிபர், அமுக்கிக்கிட்டே வலப்பக்கமா திருகணும். நெரிச்சா உள்ள இருக்குற மரை போயிரும். ஏர் எடுத்ததும் முதல்ல பெடலை நல்லா மிதிக்கணும், பிறகுதான் கேபிள் டைட்டு.

பெரியப்பா, 10.18
செட்டுல தொறந்த ஆயில் டப்பா ஒண்ணு கிடக்கே, அதை ஊத்துறது.

கோவை அண்ணன், 10.20
வேண்டாம் பெரியப்பா. தொறந்து வச்சா ஈரத்தை இழுத்துரும். புது டாட் 4 குறைஞ்சது 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறினா 155 வரைக்கும் இறங்கிரும். சூட்டுல கொதிச்சா பிரேக்கே பிடிக்காது.

பினாங்கு ஆச்சி, 10.41
அதெல்லாம் இருக்கட்டும். முன்னோர் படைப்புக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி திருச்சியில எறங்குறோம். கார் வருமா வராதா?

பெரியப்பா, 10.42
வரும் வரும்.

நான், மாலை 5.50
பக்கம் மாத்தியாச்சு. முதல்ல நுரை நுரையா வந்துச்சு, அப்புறம் தெளிஞ்ச ஆயில். பெடல் இப்ப பாதியிலேயே கல்லு மாதிரி நிக்குது. பள்ளத்தூர் வரை போயிட்டு வந்தேன், பின் சக்கரம் ரெண்டும் ஒரே சூடுதான். மாஸ்டர் சிலிண்டர் பேச்சையே காணோம், ரெண்டாவது கூலியும் கேக்கல.

பினாங்கு ஆச்சி, 6.02
அப்ப டாக்ஸி வேண்டாம்ல?

கோவை அண்ணன், 6.05
இந்தத் தடவை டாக்ஸியே சொல்லுங்க ஆச்சி. புதுப் பேட் டிஸ்கோட சேரக் கொஞ்ச தூரம் ஓடணும். ராத்திரியில அம்புட்டுத் தூரம், ஆளும் பெட்டியும் ஏத்திக்கிட்டு வேண்டாம்.

பினாங்கு ஆச்சி, 6.08
சரி. பெரிய வண்டியா சொல்லு தம்பி, பெட்டி ஆறு இருக்கு.