ஒண்டரை இஞ்ச் குழாயும் மூதூர் லைனும்

குழு: கடையும் வீடும்

காலை 8:41
சித்தப்பா: அண்ணா, நேற்று டவுன் கடையில் இருந்து மூதூர்க் கடைக்கு வந்த லொறியில் அரை இஞ்ச் குழாய் 60 இறங்கியிருக்கிறது. நான் கேட்டது ஒண்டரை இஞ்ச். சம்பூரிலிருந்து வந்த மேசன் வெறுங்கையோடு திரும்பிப் போய்விட்டார்.

அத்தான்: மாமா, கோல் எடுத்தது நான்தான். என் காதில் அரை இஞ்ச் என்றுதான் விழுந்தது. துண்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

சித்தப்பா: உங்களில் பிழை இல்லை மருமகன். லைன்தான் பிழை. பத்து மணிக்குப் பிறகு எடுத்தால் தண்ணிக்குள் இருந்து கதைக்கிற மாதிரிக் கேட்கிறது. பெரிய பேக்கேஜாக ஒன்று எடுத்துவிடுவோம்.

அக்கா: மூதூர் டேட்டா இந்த மாசம் 20ஆம் திகதிக்கு முன்னமே முடிந்துவிட்டது சித்தப்பா. இப்படியே போனால் பெரிய பேக்கேஜும் காணாது.

காலை 9:05
நான்: கொஞ்சம் பொறுங்கோ, பேக்கேஜ் ஒன்றும் எடுக்க வேண்டாம். இரண்டு கடைக்கும் நடுவில் உள்ள கோலை இன்டர்நெட்டில் அனுப்புகிறது கேட்வே பெட்டிதானே, நேற்று இரவு கொழும்பில் இருந்தபடியே இரண்டு கடையின் பெட்டிக்குள்ளும் போய்ப் பார்த்தேன். பெட்டியைப் பொருத்திய ஆள் டேட்டாவை மிச்சம் பிடிக்கிற வசதி எல்லாவற்றையும் திறந்துவிட்டுப் போயிருக்கிறார். குழாய்க்கு நடந்தது அதனால்தான்.

அப்பா: விளங்கச் சொல்லு தம்பி.

நான்: நாங்கள் கதைக்காமல் கேட்டுக்கொண்டு இருக்கும்போது பெட்டி எதையும் அனுப்பாது. சத்தம் வந்தால் மட்டும் அனுப்பும். ஆனால் சத்தம் தொடங்கிவிட்டது என்று அதற்குத் தெரிய ஒரு கணம் பிடிக்கும். அந்தக் கணத்தில் முதல் எழுத்து வெட்டுப்பட்டுப் போகும். அத்தான் “என்ன அளவு?” என்று கேட்கிறார், சித்தப்பா “ஒண்டரை இஞ்ச்” என்கிறார். “ஒண்ட்” மூதூரிலேயே நின்றுவிட்டது, “அரை இஞ்ச்” மட்டும் டவுனுக்கு வந்து சேர்ந்தது.

அத்தான்: அப்படியேதான். நான் கேட்டேன், அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

அம்மா: நடுவில் லைன் செத்தமாதிரிப் போகிறதும் இதுதானா ராசா? அறுந்துவிட்டது என்று நினைத்து நான் எத்தனை தரம் போனை வைத்திருக்கிறேன்.

நான்: ஓம் அம்மா, அதேதான். அமைதியாக இருக்கும்போது மற்றப் பக்கத்துப் பெட்டி மெல்லிய இரைச்சல் ஒன்றைத் தானே உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். அதை மூடி வைத்திருந்தார்கள். இப்போது மௌனத்தை வெட்டுகிற வசதியையே நிறுத்திவிட்டேன்.

அக்கா: அப்போ டேட்டா இன்னும் கூடப் போகுமே?

காலை 9:32
நான்: கணக்கைப் பார் அக்கா. சுருக்காத குரல், ஜி.711 என்பது, 64 கிலோபிட். அது செக்கனுக்கு 50 துண்டாக, பாக்கெட்டாகப் போகும். ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், விலாசம் எழுதிய உறை 40 பைட். மொத்தம் 80 கிலோபிட். ஜி.729 என்று சுருக்கினால் குரல் 8 கிலோபிட்தான், பாக்கெட்டுக்கு 20 பைட். ஆனால் உறை அதே 40. கடிதத்தைவிட உறை இரண்டு மடங்கு பெரிது! அதனால் 8 என்று நினைத்தது 24இல் வந்து நிற்கும்.

அக்கா: உறையைச் சுருக்க முடியாதா?

நான்: 2, 4 பைட்டாகச் சுருக்குகிற வசதி பெட்டியில் இருக்கிறது. ஆனால் லைனின் இரண்டு முனையும் எங்கள் கையில் இருந்தால்தான் அது சரிவரும். இன்டர்நெட்டில் நடுவில் நிற்கிற ஒவ்வொரு ரவுட்டருக்கும் முழு விலாசம் வேண்டும். எங்களுக்கு அது உதவாது.

இப்போது இதைப் பார். ஒரு மணித்தியாலம் முழுக்கக் கதைத்தால், போகிறதும் வருகிறதும் சேர்த்து, சுருக்காமல் 72 எம்.பி., சுருக்கினால் ஏறக்குறைய 22 எம்.பி. மூதூர்க் கடையின் ஒரு கமரா 1 மெகாபிட்டில் இரவு பகலாக மேலே ஏற்றுகிறது. மணித்தியாலத்துக்கு 450 எம்.பி., நாளுக்கு 10.8 ஜி.பி. அங்கே இரண்டு கமரா!

அக்கா: கடவுளே. பேச்சில் சில்லறையைப் பிடித்துக்கொண்டு கமராவில் நோட்டாகக் கொடுத்திருக்கிறோம்.

சித்தப்பா: கமராவை நிற்பாட்ட ஏலாது தம்பி. போன வருசம் கடை உடைத்தது தெரியும்தானே.

நான்: நிற்பாட்ட வேண்டாம் சித்தப்பா. கடையில் இருக்கிற பதிவுப் பெட்டியிலேயே எல்லாம் பதியட்டும். ஆள் அசைந்தால் மட்டும், அல்லது நீங்கள் போனில் பார்க்கும்போது மட்டும் மேலே போகட்டும்.

அப்புறம் வரிசை. 4ஜியில் மேலே ஏற்றுகிற பக்கம் ஒடுக்கம். கமராவும் பில் கணக்கும் அதை அடைத்துக்கொண்டு நிற்கும்போது குரல் பின்னால் மாட்டுப்படுகிறது. குரலுக்கு இடம் கொஞ்சம் போதும், ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு பக்கப் பயணம் 150 மில்லி செக்கனுக்குள் இருப்பது நல்லது என்பது ஐ.டி.யூ. என்கிற உலகத் தொலைத்தொடர்பு அமைப்பு சொல்கிற அளவு.

காலை 10:10
அப்பா: கிண்ணியாவில் 2009இல் பாலம் வருவதற்கு முன்னம் பாதையில், அந்த மிதவைப் படகில்தானே போவோம். சாமானோடு கரையில் மணிக்கணக்காக நிற்போம். ஆம்புலன்ஸ் வந்தால் எல்லோரும் ஒதுங்கி வழி விடுவோம்.

நான்: அதேதான் அப்பா! குரல் பாக்கெட்டில் 46 என்று ஒரு அடையாளம் குத்தியிருக்கிறேன், அதுதான் ஆம்புலன்ஸ். இன்டர்நெட் கம்பனியின் வலைக்குள் போனபிறகு அந்த அடையாளத்தை மதிப்பார்களா என்பது எங்கள் கையில் இல்லை. அதனால் லைனின் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே வெளியே விடும்படி எங்கள் ரவுட்டருக்குச் சொல்லியிருக்கிறேன். அப்போது வரிசை எங்கள் கரையில் நிற்கும். யாரை முதலில் ஏற்றுவது என்று நாங்களே பார்க்கலாம்.

அத்தான்: மூதூரில் இருந்து டவுன் லைன் வழியாகப் பேங்குக்கு எடுத்து 1ஐ அழுத்து, 2ஐ அழுத்து என்றால் ஒன்றும் வேலை செய்வதில்லையே?

நான்: குரலைச் சுருக்கும்போது பட்டன் சத்தமும் நசுங்கிவிடும். அதைத் தனியாக அனுப்பும்படி மாற்றியாச்சு. பேக்ஸும் அப்படித்தான், அதற்கு டி.38 என்று தனி முறை.

அக்கா: எல்லாம் இன்டர்நெட்டில் போகிறது என்றால் பழைய 026 தரைவழி லைன் இரண்டையும் வெட்டிவிடலாமா? மாச வாடகை மிச்சம்.

நான்: தயவுசெய்து வெட்டாதே அக்கா. இரண்டு கடைக்கும் நடுவில் உள்ள கோல் மட்டும் இன்டர்நெட்டில் போகிறது. 026 எண்கள் அந்தந்தக் கடையின் பழைய லைனில் போகின்றன. இன்டர்நெட் சோர்ந்தால், சித்தப்பா உள் எண்ணை அழுத்தினாலும் பெட்டி தானாகப் பழைய லைனுக்கு மாறி டவுன் கடையைப் பிடிக்கும். பொலிஸ் 119உம் ஆம்புலன்ஸ் 1990உம் எப்போதும் பழைய லைனில்தான் போகும், அந்த ஒழுங்கில் யாரும் கை வைக்கக் கூடாது.

அப்பா: கார்த்திகை மழையில் கரண்டும் போன் கோபுரமும் ஒன்றாகப் போகிறதைப் பார்த்தவன் நான். லைன் இருக்கட்டும் பிள்ளை.

நான்: சித்தப்பா, ஒரு சோதனை. பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பழைய லைனோடு சேர்ந்த போனின் ரிசீவரைத் தூக்கிப் பாருங்கோ. டயல் சத்தம் கேட்க வேண்டும்.

காலை 10:38
சித்தப்பா: கேட்கிறது. பளிச்சென்று கேட்கிறது.

நான்: நல்லது. எங்கள் பெட்டியில் அதற்கென்று ஒரு ரிலே, தானாக மாறுகிற சுவிட்ச், இருக்கிறது. கரண்ட் போனால் போனை நேரே பழைய லைனில் பிடித்துக் கொடுக்கும். எல்லா மாடலிலும் இருக்காது. திரும்பப் பிளக்கைக் குத்திவிடுங்கோ. ரவுட்டருக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சின்ன யூ.பி.எஸ். வாங்க வேண்டும், அந்தக் காசுக்கு மட்டும் சம்மதம் தாருங்கோ.

அப்பா: வாங்கு.

மாலை 4:52
சித்தப்பா: மருமகன், இப்போது எடுக்கிறேன். கமரா இரண்டையும் போனில் திறந்து வைத்திருக்கிறேன், வேண்டுமென்றுதான்.

மாலை 4:58
அத்தான்: முதல் எழுத்தில் இருந்து கேட்டது மாமா. ஒண்டரை இஞ்ச், 60. கௌண்டரில் நின்றவருக்கும் கேட்டது. நாளைக் காலை லொறியில் ஏற்றுகிறேன். அரை இஞ்சைத் திருப்பி விடுங்கோ.

சித்தப்பா: சரி. 60 காணாது, 80 ஆக ஏற்றுங்கோ. மேசனுக்கும் சொல்லிவிட்டேன், பத்து மணிக்கு வந்து நிற்பார்.